தகவல் மீட்பையும் தகவல் கட்டமைப்பையும் கற்க எந்த நூல்? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

தேடுபொறியில் ‘தகவல் மீட்பு’ என்று தமிழில் தட்டினேன். திறன்பேசியில் தவறுதலாக அழித்துவிட்ட திருமணப் படங்களைத் திரும்பப் பெறுவது எப்படி என்று விளக்கும் காணொளிகள் வரிசையாக வந்து நின்றன. ‘தகவல் கட்டமைப்பு’ என்று தட்டியபோது வங்கிகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் தரவுத்தளம் வரைந்து கொடுப்போருக்கான வேலை விளம்பரங்கள் வந்தன. நான் தேடியது இரண்டையும் அன்று. குவிந்து கிடக்கும் ஆவணங்களிலிருந்து ஒருவர் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் கலையையும், அவர் கேட்காமலேயே கண்ணில் படும்படி அவற்றை அடுக்கி வைக்கும் கலையையும் கற்றுத்தரும் நூல்களைத்தான் தேடினேன். ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் நிலைபெற்ற பெயர்கள் உண்டு. தமிழில் முதலாவதைச் சிலர் தகவல் மீட்பு என்கிறார்கள், சிலர் மீட்டெடுப்பு என்கிறார்கள், சிலர் தகவல் பெறல் என்கிறார்கள். ஒரு பெயரைத் தட்டியவருக்கு மற்றப் பெயரில் எழுதப்பட்டது கண்ணில் படுவதில்லை.

இதில் நான் இறங்கியதற்குக் காரணம் எங்கள் முன்னாள் மாணவர் மன்றம். மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து மக்கள் ஒவ்வொரு குடும்பமாகத் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்கு இடம்பெயர்ந்துவிட்ட நிலையில், தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் ஆண்டு மலர்கள், கோயில் குடமுழுக்கு மலர்கள், பழைய நிழற்படங்கள், கூட்டக் குறிப்பேடுகள் ஆகியவற்றை மின்படியாக்கி ஓர் இணையத்தளத்தில் வைப்பதென்று மன்றம் முடிவு செய்தது. கணினியில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு என்பதற்காக அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். படியெடுக்கும் வேலை எளிதாகவே முடிந்தது. தளத்தில் ஒரு தேடல் பெட்டியை வைத்த பிறகுதான் தொல்லை தொடங்கியது. பாட்டி வேலை செய்த ஆயாக்கொட்டகையின் படத்தைத் தேடி வந்த ஓர் அம்மாளுக்கு எங்கள் தளம் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று பதில் சொன்னது. அந்தப் படம் ‘குழந்தைக் காப்பகம்’ என்ற தலைப்பின் கீழ் பத்திரமாக இருந்தது. தலைப்பிட்டவன் நானே.

ஆகவே நூல்களை மதிப்பிட நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: தேடியவருக்கு ஒன்றும் கிடைக்காமல் போகும்போது, ஏன் கிடைக்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்க இந்நூல் எனக்கு உதவுகிறதா? கணிதத்தின் நேர்த்தி, ஆசிரியரின் புகழ், அட்டையின் அழகு ஆகியவற்றை இந்தக் கேள்விக்குப் பின்னால்தான் பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தகவல் மீட்புக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரு பாடநூலும், தகவல் கட்டமைப்புக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு நூலும் போதும். மற்றவற்றைத் தேவை வரும்போது புரட்டிக்கொள்ளலாம்.

இலவச நூல், கிறிஸ்டபர் மேனிங், பிரபாகர் ராகவன், ஹின்ரிக் ஷூட்சே ஆகிய மூவரும் எழுதி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இன்ட்ரொடக்‌ஷன் டு இன்ஃபர்மேஷன் ரிட்ரீவல்’. (மூவரில் ராகவன் சென்னை ஐஐடியில் படித்தவர், மன்றக் கூட்டத்தில் இதைச் சொன்ன பிறகுதான் செயலாளர் நூலைப் பார்க்கவே ஒப்புக்கொண்டார்.) அச்சுப் பிரதி விற்பனையில் இருக்கும்போதே, முழு நூலையும் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத் தளத்தில் பிடிஎஃப் கோப்பாகவும் தனித்தனிப் பக்கங்களாகவும் எவரும் படிக்க வைத்திருக்கிறார்கள். மழை வந்தால் இணையம் தடுமாறும் எங்கள் பகுதியில், ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலேயே படிக்க முடிவது பெரிய வசதி.

இருபத்தொரு அத்தியாயங்களில் முதலாவது, ஷேக்ஸ்பியர் நாடகங்களில் புரூட்டஸும் சீசரும் வந்து கல்பூர்னியா வராத நாடகங்கள் எவை என்ற கேள்வியோடு தொடங்குகிறது. எல்லா நாடகங்களையும் முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்ப்பது ஒரு வழி. ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த நாடகத்தில் வருகிறது என்று முன்கூட்டியே பட்டியல் எடுத்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது பட்டியல்களை ஒப்பிடுவது மற்றொரு வழி. சங்க நூல்களுக்குச் சொல்லடைவு பார்த்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இந்த இரண்டாம் வழி புதிதன்று. தேடுபொறியின் உள்ளே இருப்பது அடிப்படையில் ஒரு மாபெரும் சொல்லடைவுதான் என்று புரிந்த கணத்தில், அதுவரை மாயமாகத் தெரிந்தது வெறும் கணக்குப்பிள்ளை வேலையாகத் தெரியத் தொடங்கியது. தேடல் பெட்டி ஆவணத்தைப் பார்ப்பதில்லை, சொல்லடைவைத்தான் பார்க்கிறது. சொல்லடைவில் இல்லாத சொல் உலகத்திலேயே இல்லாத சொல். ஆயாக்கொட்டகைப் படத்திற்கு நேர்ந்தது இதுதான்.

ஆறாம் அத்தியாயம் சொற்களுக்கு எடை போடுவதைப் பற்றியது. ஆயிரம் ஆவணங்கள் கொண்ட ஒரு தொகுப்பில் ‘தோட்டம்’ என்ற சொல் ஆயிரத்திலும் வருமானால், அச்சொல் எந்த ஆவணத்தையும் மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டாது. மொத்த ஆவணங்களை அச்சொல் வரும் ஆவணங்களால் வகுத்து, அதற்குப் பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கை (லாகரிதம்) எடுத்தால் விடை 0. ‘தீமிதி’ பத்து ஆவணங்களில் மட்டும் வந்தால் அதே கணக்கின் விடை 2. கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972ஆம் ஆண்டு முன்வைத்த எண்ணம் இது. இதைப் படித்த அன்று பொது நூலகத்துக்குப் போனபோது ஒன்று உறைத்தது. நூலகங்கள் நூல்களை எண்ணிட்டு அடுக்கும் டியூயி வகைப்பாட்டில் தமிழ் இலக்கியத்திற்குரிய எண் 894.811. நம் சிறுகதை, நாவல், கவிதை எல்லாம் அந்த ஓர் எண்ணில் ஒரே தட்டில் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது, தமிழ் வாசகருக்கு அந்த எண் சொல்லும் செய்தியும் ஏறக்குறைய 0தான். இப்படித் தன் ஊரிலேயே ஒன்றைப் பொருத்திப் பார்க்கத் தூண்டுவது ஒரு பாடநூலுக்குச் சிறிய பெருமையன்று.

எனக்கு அதிகம் பயன்பட்டவை இரண்டாம், மூன்றாம் அத்தியாயங்கள். எது ஒரு சொல், எங்கே அது முடிகிறது, எந்த வேறுபாடுகளைப் புறக்கணிக்கலாம் என்பவை இரண்டாம் அத்தியாயத்தின் கேள்விகள். ஜெர்மன் மொழியின் நீண்ட கூட்டுச்சொற்களையும், இடைவெளியின்றி எழுதப்படும் சீன மொழியையும் சான்றாகக் காட்டுகிறார்கள். தமிழுக்கென்று தனிப் பகுதி இல்லை. ஆனால் கேள்விகள் அப்படியே நமக்கும் பொருந்துகின்றன. தோட்டம், தோட்டத்தில், தோட்டத்திற்கு, தோட்டத்தை என்பவை நமக்கு ஒரே சொல்; சொல்லடைவுக்கு நான்கு. அடுத்த சொல் வல்லினத்தில் தொடங்கினால் ஒற்று மிகுந்து ‘தோட்டத்தைப்’ என்று ஐந்தாவது ஒன்று முளைக்கிறது. இலக்கணப்படி எழுத வேண்டும் என்று எங்களை அடித்துச் சொல்லிக்கொடுத்த தமிழாசிரியர்கள் அறியாமலேயே தேடுபொறிக்கு ஒரு பகையை வளர்த்து வைத்திருக்கிறார்கள்.

விகுதிகளை வெட்டி வேர்ச்சொல்லை மட்டும் வைத்துக்கொள்வது இதற்குச் சொல்லப்படும் மருந்து. ஆங்கிலத்திற்கு மார்ட்டின் போர்ட்டர் 1980இல் எழுதிய விதிகளை நூல் விளக்குகிறது. அவரே தொடங்கிய ஸ்னோபால் திட்டத்தில் இன்று தமிழுக்கும் விகுதி வெட்டும் நிரல் ஒன்று உண்டு. எனினும் வெட்டுவதில் கவனம் வேண்டும் என்று நூல் எச்சரிப்பது நமக்கு இருமடங்கு பொருந்தும். குடமுழுக்கு மலர் ஒன்றில் ‘முருகன் கையில் ஏந்திய வேலை’ என்று வருகிறது. தோட்டக் குறிப்பேட்டில் ‘வேலைக்கு வராதவர்கள்’ என்று வருகிறது. முன்னதில் ‘ஐ’ உருபை வெட்டினால் சரியான வேல் கிடைக்கிறது. பின்னதில் அதே கத்தியை வைத்தால் ஆள் கணக்கில் வேலாயுதம் வந்து விழுகிறது. பால்மரம் வெட்டியவர்களின் பேச்சில் ‘பாலை’ என்றால் பாலைத்தான். பள்ளி மலரின் இலக்கியக் கட்டுரையில் பாலை ஐந்திணையில் ஒன்று. இத்தகைய சொற்களுக்குத் தனிப் பட்டியல் ஒன்று எழுதி, அவற்றை வெட்டாமல் விட்டுவிடும்படி அமைத்தேன்.

மூன்றாம் அத்தியாயம் பிழையோடு எழுதப்பட்ட சொற்களையும் பொறுத்துக்கொண்டு தேடும் முறைகளைப் பற்றியது. ஒரு சொல்லை மற்றொன்றாக மாற்ற எத்தனை எழுத்துகளைத் திருத்த வேண்டும் என்று எண்ணும் முறையும், சொல்லை இரண்டு மூன்று எழுத்துத் துண்டுகளாக நறுக்கி ஒப்பிடும் முறையும் அங்கே விளக்கப்படுகின்றன. பழைய மலர்களில் லை, னை, றா, னா ஆகியவை எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய வடிவங்களில் அச்சாகியிருப்பதால் படத்தை எழுத்தாக்கும் மென்பொருள் அவற்றைக் கண்டபடி படிக்கிறது. அப்படிச் சிதைந்த சொற்களைப் பிடிக்க இந்தத் துண்டு முறை கைகொடுத்தது. அதே அத்தியாயத்தில் ஒலி ஒற்றுமையை வைத்துப் பெயர்களைச் சேர்க்கும் சவுண்டெக்ஸ் முறையும் உண்டு. அது ஆங்கில எழுத்துகளுக்காக அமைந்தது. பேராக் என்றும் பேரா என்றும், ஜொகூர் என்றும் ஜோகூர் என்றும் எழுதும் நம் கைக்கு அது உதவாது. அந்தப் பக்கங்களை நான் கடந்து போனேன்.

எட்டாம் அத்தியாயத்தை எவரும் கடந்து போகக் கூடாது. தேடல் நன்றாக இருக்கிறதா என்பதை ‘எனக்கு நன்றாகத்தான் வருகிறது’ என்று சொல்லி முடித்துவிடாமல் அளந்து பார்ப்பது எப்படி என்பதை அது சொல்கிறது. வந்தவற்றில் எத்தனை பொருத்தமானவை என்பது துல்லியம். பொருத்தமானவை எல்லாவற்றிலும் எத்தனை வந்தன என்பது முழுமை. ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலும் மற்றொன்று குறையும். சோதனைக்குக் குறைந்தது 50 தகவல் தேவைகள் வேண்டும் என்பது அனுபவத்தில் கண்ட அளவு என்கிறது நூல். ஐம்பது கேள்விகளை நானே எழுதினால் நான் அறிந்த சொற்களையே எழுதுவேன் என்பதால், மன்றத்தின் மூத்த உறுப்பினர்களிடம் ‘என்ன தேடுவீர்கள்’ என்று கேட்டு அவர்கள் வாயிலிருந்து வந்தபடியே குறித்துக்கொண்டேன். கிராணி, மண்டோர், பெரட்டு, லயம் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். எழுத்தர், மேற்பார்வையாளர், வருகைப் பதிவு, தொழிலாளர் குடியிருப்பு என்று நான் ‘திருத்தி’ எழுதியிருந்த தலைப்புகளில் ஒன்றும் அவர்கள் வாயில் வரவில்லை.

பதின்மூன்று முதல் பதினெட்டு வரையுள்ள அத்தியாயங்கள் ஆவணங்களைத் தானாக வகைப்படுத்துவதையும் தொகுப்பதையும் பற்றியவை. கணிதம் கனமானது, எங்களைப் போன்ற சிறு தொகுப்புக்குத் தேவையும் குறைவு. கடைசி மூன்றும் வலையைப் பற்றியவை. தேடுபொறியின் தானியங்கி நிரல் எவ்வாறு பக்கம் பக்கமாகத் தாவிச் சேகரிக்கிறது, ஏறத்தாழ ஒன்றுபோல் உள்ள பக்கங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், இணைப்புகளை எண்ணி ஒரு பக்கத்தின் மதிப்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பவற்றை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் படிக்கவில்லை. நூல் 2008ஐச் சேர்ந்தது என்பதை மறக்கலாகாது. சொற்களை எண்களின் தொடராக்கிப் பொருளை ஒப்பிடும் நரம்பியல் வலைப்பின்னல் முறைகள் இதில் இல்லை. அவற்றைக் கற்க விரும்புவோர் வேறு நூல் தேட வேண்டும். ஆனால் சொல்லடைவு புரியாமல் அங்கே தாவுவது, மரம் வெட்டப் பழகாமல் பால் நிறுக்கப் போவதைப் போன்றது.

இதற்கு மாற்றாக, புரூஸ் கிராஃப்ட், டொனால்ட் மெட்ஸ்லர், டிரெவர் ஸ்ட்ரோமன் மூவரும் 2009இல் வெளியிட்ட ‘சர்ச் எஞ்சின்ஸ்: இன்ஃபர்மேஷன் ரிட்ரீவல் இன் பிராக்டிஸ்’ நூலைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். இதுவும் இப்போது இலவசமாகக் கிடைக்கிறது. தேடுபொறியைக் கட்டும் பொறியாளரின் பார்வையில் எழுதப்பட்டது. நிரல் எழுதத் தெரிந்தவருக்கு முன்னதைவிட இது இலகுவாக இருக்கும். எனக்கு ஒன்று போதுமாக இருந்ததால் பாதியில் வைத்துவிட்டேன்.

இனி, வாங்க வேண்டிய நூல். அட்டையில் பனிக்கரடிப் படம் இருப்பதால் துறையினர் எல்லாரும் ‘பனிக்கரடி நூல்’ என்றே அழைக்கும் ‘இன்ஃபர்மேஷன் ஆர்க்கிடெக்சர்’ நூலை லூயிஸ் ரோசன்ஃபெல்டும் பீட்டர் மோர்வில்லும் எழுதி, ஓரைலி நிறுவனம் 1998ஆம் ஆண்டு முதலில் வெளியிட்டது. ஹோர்ஹே அராங்கோவும் சேர்ந்த நான்காம் பதிப்பு 2015இல் வந்தது. ஈப்போவில் நான் கேட்ட கடைகளில் இல்லை. இணையத்தில் வரவழைத்ததில் அஞ்சல் செலவோடு 200 வெள்ளியை நெருங்கியது. தோட்டத்து ஊரில் ஒரு நூலுக்கு இது பெரிய தொகை. மன்றத்தின் பணத்தில் வாங்கியதால், கணக்குக் கேட்கும் உறுப்பினர்களுக்குப் பதில் சொல்லும் கடமையும் இம்மதிப்பீட்டுக்கு உண்டு.

ஒரு தளத்தின் அமைப்பை இந்நூல் நான்கு கூறுகளாகப் பிரிக்கிறது: எப்படி வகைப்படுத்துகிறோம், என்ன பெயரிடுகிறோம், எப்படி நடமாட விடுகிறோம், எப்படித் தேட விடுகிறோம். மேனிங் கூட்டத்தாரின் முழு நூலும் இங்கே நான்காம் கூறுக்குள் அடங்கிவிடுகிறது. தேடல் தோற்றுப்போனதாக நான் நினைத்த இடங்களில் பெரும்பாலானவற்றில் உண்மையில் தோற்றது பெயரிடல் என்பதை இந்தப் பிரிவினைதான் எனக்குக் காட்டியது. ஆயாக்கொட்டகைக்கு எந்தக் கணக்கும் எடை போட்டு உதவியிருக்காது. ‘ஆயாக்கொட்டகை’ என்ற பெயரை எழுதி வைத்தாலே போதுமாக இருந்தது.

பெயரிடல் பற்றிய அத்தியாயத்தையும், சொற்களஞ்சியங்களைப் பற்றிய அத்தியாயத்தையும் நான் மூன்று முறை படித்தேன். ஒரே பொருளைக் குறிக்கும் சொற்களை ஒரு வளையமாகக் கட்டிவிட்டால், எதைத் தட்டினாலும் எல்லாம் வரும். ஒரு படி மேலே போய், அவற்றுள் ஒன்றை முதன்மைப் பெயராகத் தேர்ந்து மற்றவற்றை அதற்கு வழிகாட்டும்படி வைக்கலாம். இன்னொரு படி போய், எது எதன் பகுதி, எது எதற்கு உறவு என்றும் குறிக்கலாம். இந்தப் படிக்கட்டைப் பார்த்த பிறகு ஒரு மாதம் உட்கார்ந்து எங்கள் பட்டியலை எழுதினேன். குடமுழுக்கு, கும்பாபிஷேகம், திருக்குட நன்னீராட்டு ஒரு வளையம். ரப்பர், இரப்பர், பால்மரம் ஒரு வளையம். செம்பனையும் எண்ணெய்ப்பனையும் ஒன்று. கெடாவும் கடாரமும் ஒன்று. ஊர்ப் பெயர்களில் காலமும் குறுக்கே வருகிறது: 1982க்கு முந்தைய மலர்களில் தெலுக் ஆன்சன் என்றிருப்பது பிந்தையவற்றில் தெலுக் இந்தான், 1972க்கு முன் சுவெட்டன்ஹாம் துறைமுகம், பின்னர் கிள்ளான் துறைமுகம். ஆட்பெயர்களுக்கும் இதே ஏற்பாடு. எங்கள் ஊர்க்காரரான துன் சம்பந்தன் ஒரு மலரில் வீ.தி. சம்பந்தன், இன்னொன்றில் வெறும் அமைச்சர் சம்பந்தன், 1960இல் அவர் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் செய்திகளில் ‘நமது தலைவர்’. கடைசியாகச் சொன்னதை எந்தக் கணினியும் தானாகக் கண்டுபிடிக்காது. படித்தவர் ஒருவர் உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும்.

தேடி வருவோர் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர் என்று இந்நூல் மீன்பிடிப்பை வைத்துச் சொல்லும் பகுதியும் பயனுள்ளது. இன்னதுதான் வேண்டும் என்று தெரிந்து வருபவர் ஒருவகை. எது கிடைக்கும் என்று பார்ப்போம் என்று கூண்டு வைப்பவர் ஒருவகை. ஒன்று விடாமல் அள்ள வலை வீசுபவர் ஒருவகை. முன்பு பார்த்ததை மறுபடி தேடி வருபவர் ஒருவகை. எங்கள் தளத்திற்கு வருவோரில் கூண்டு வைப்பவர்களே அதிகம் என்பதால் தேடல் பெட்டியைச் சற்றே கீழே இறக்கிவிட்டு, தோட்டத்தின் பெயரால் நுழையும் வழியை முகப்பில் வைத்தேன். பொருளால் பிரித்த என் அழகிய வகைப்பாட்டை எவரும் தொடுவதில்லை. ‘நீங்கள் எந்தத் தோட்டம்?’ என்பதுதானே நாம் ஒருவரை ஒருவர் முதன்முதலாகக் கேட்கும் கேள்வி.

குறைகளும் உண்டு. சான்றுகள் அனேகமாக அமெரிக்க நிறுவனத் தளங்களைச் சார்ந்தவை. மேலாளர்களுக்கு இந்தப் பணியின் தேவையை விளக்கி ஒப்புதல் வாங்குவது பற்றிய பக்கங்கள், மூவர் கொண்ட ஒரு குழு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யும் வேலைக்குப் பொருந்தாது. நான்காம் பதிப்பு கைப்பேசி முதலிய பல கருவிகளையும் சேர்த்துப் பேசுவதற்காகச் சற்றுப் பொதுப்படையாகிவிட்டது. நூலகவியல் மணம் அதிகமுள்ள 2006ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பு பழைய நூல் விற்போரிடம் மலிவாகக் கிடைத்தால், ஆவணக் காப்பகம் நடத்துவோருக்கு நான் அதையே சொல்வேன்.

மார்ட்டி ஹெர்ஸ்ட் 2009இல் எழுதிய ‘சர்ச் யூசர் இன்டர்ஃபேசஸ்’, தேடல் பெட்டி, முடிவுப் பட்டியல், வடிகட்டிகள் எப்படித் தோற்றமளிக்க வேண்டும் என்பதைச் சோதனைகளின் துணையோடு விளக்குகிறது. முழுவதும் இணையத்தில் இலவசம். ஆண்டு, இடம், நிகழ்ச்சி எனப் பல பக்கங்களிலிருந்தும் ஒரே ஆவணத்தை நெருங்கவிடும் முறையைப் பற்றிய அத்தியாயத்தை மட்டும் படித்தாலும் போதும்.

கட்டணம் செலுத்திச் சேர்ந்த ஓர் இணைய வகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடத்துவோரின் பெயர் வேண்டாம். எட்டு வாரம் என்று சொல்லி வாங்கிய பணத்திற்கு, முதல் மூன்று வாரம் தேடுபொறிகளில் முதலிடம் பிடிப்பது எப்படி என்பதையே பேசினார்கள். தமிழ்ச் சொற்களை எப்படிப் பிரிப்பது என்று நான் கேட்டதற்கு, எல்லா மொழிக்கும் ஒரே முறைதான் என்று பதில் வந்தது. மீதி வாரங்களை நான் பார்க்கவில்லை.

அந்தப் பதில் எவ்வளவு தவறு என்பது அடுத்த மாதமே தெரிந்தது. எங்கள் தளத்தின் பின்னால் இருப்பது எஸ்க்யூலைட் என்ற சிறிய இலவசத் தரவுத்தளம். அதன் எஃப்டிஎஸ்5 என்ற முழு உரைத் தேடல் பகுதி இயல்பு நிலையில் எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. யூனிகோடில் க, த, ப போன்றவை எழுத்துகள். ஆனால் கால், கொம்பு, புள்ளி ஆகியவை சார்புக் குறிகள் என்ற வேறு வகையில் சேர்க்கப்பட்டுள்ளன. விளைவு, குறி வரும் இடமெல்லாம் சொல் துண்டாகிறது; ‘தோட்டம்’ என்பது த, ட, ட, ம என்று உதிர்கிறது. எம்என், எம்சி என்ற அந்த இரு குறி வகைகளையும் சொல்லின் பகுதியாகக் கொள்ளும்படி ஒரு வரியைச் சேர்த்த பிறகுதான் தமிழ் தமிழாகத் தேடப்பட்டது. இன்னொன்று: ‘கொ’வில் உள்ள குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. சொல்லடைவில் அவை வெவ்வேறு சொற்கள். சேர்க்கும் முன்னர் எல்லாவற்றையும் ஒரே வடிவத்திற்குக் கொண்டுவர வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகளின் நிலை இதைவிட மோசம். பார்வைக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகளின் குப்பை. இவற்றை மேற்சொன்ன எந்த நூலும் தமிழுக்காகச் சொல்லவில்லை. மேனிங் கூட்டத்தாரின் இரண்டாம் அத்தியாயம் சரியான கேள்வியைக் கேட்கக் கற்றுத்தந்ததால்தான் எங்கே கை வைப்பது என்று தெரிந்தது.

தமிழில் இத்துறைக்கு ஒரு நல்ல தொடக்க நூல் என் கைக்கு இன்னும் கிட்டவில்லை. இதில் ஒரு வருத்தமான வேடிக்கை இருக்கிறது. ஒரு பொருளைப் பல கூறுகளாகப் பிரித்து, எந்தக் கூறின் வழியாகவும் அதை அடையலாம் என்று இன்றைய வலைத்தளங்கள் செய்யும் வேலைக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இலும் கோலன் வகைப்பாட்டை 1933இலும் வெளியிட்டவர். ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று அவர் பிற்காலத்தில் வகுத்த ஐந்து கூறுகளை ஒரு தீமிதிப் படத்திற்கு நான் பொருத்திப் பார்த்தேன்: மாரியம்மன் கோயில், தீக்குழி, மிதித்தல், இன்ன தோட்டம், இன்ன ஆண்டு. ஐந்தில் எதைத் தொட்டாலும் படம் வருகிறது. இலங்கையில் 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ மின்னூலகத்தை நிதானமாக உலாவிப் பார்ப்பதும் நல்ல பாடம். ஒரு சமூகத்தின் ஆவணங்களைத் தமிழ்த் தலைப்புகளோடு பெரிய அளவில் அடுக்குவது எப்படி என்பதற்கு அதுவே நடப்பிலுள்ள சான்று.

இதே வேலையில் இறங்கும் மன்றங்களுக்கு என் பரிந்துரை இது: மேனிங் நூலை இன்றே இறக்கி 1, 2, 3, 6, 8 ஆகிய அத்தியாயங்களை அந்த வரிசையிலேயே படியுங்கள், தளத்தைத் திறக்கும் முன்பு பனிக்கரடி நூலில் பெயரிடலும் சொற்களஞ்சியமும் பற்றிய பகுதிகளைப் படியுங்கள். வாங்க வசதியில்லாதவர்கள் எங்கள் பிரதியை இரவல் பெறலாம். ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் மன்றத்தில் இருக்கும். ஓரங்களில் பென்சிலால் எழுதியிருப்பவை என் குறிப்புகள். அந்த அம்மாளுக்குப் படம் கிடைத்துவிட்டது. படத்தில் இரண்டாம் வரிசையில் நிற்பவர் தன் பாட்டி அல்லர், பாட்டியின் தங்கை என்று சொல்லி, தலைப்பைத் திருத்தவும் வைத்துவிட்டார்.